மீனுக்கும் ஒரு வழி: சிறுபாலங்களும் ஓடைப் படுகை அரிப்பும்

தமிழாசிரியன் ஒருவன் கல்வெட்டைப் பற்றி எழுதுகிறான் என்றால் படிப்போர் உள்ளம் பல்லவர் காலத்துக்கோ சோழர் காலத்துக்கோ சென்றுவிடும். இக்கட்டுரை சொல்ல வரும் கல்வெட்டு அதுவன்று. சாலைக்கு அடியில் ஓடைநீர் கடந்து செல்வதற்காகக் கட்டப்படும் சிறுபாலத்தையும் நம் பகுதி மக்கள் 'கல்வெட்டு' என்றே வழங்குகின்றனர். 'கல்வெர்ட்' என்னும் ஆங்கிலச் சொல் மேஸ்திரி, கொத்தனார் வாய்களில் புழங்கிப் புழங்கித் தமிழ் உருப்பெற்ற வரலாறு அது. "கல்வெட்டுகிட்ட நிறுத்துங்க" என்று பேருந்து நடத்துநரிடம் சொல்பவர் எவரும் எழுத்துப் படிக்க இறங்குவதில்லை.

பொறியாளர்களுக்கு இச்சொல்லில் ஒரு வரையறை உண்டு. 6 மீட்டர் நீளம் வரை உள்ளதைக் கல்வெட்டு என்றும், அதற்கு மேற்பட்டதைப் பாலம் என்றும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகைப்படுத்துகிறது. பாலத்துக்குத் திறப்பு விழா நடக்கும், பெயர்ப்பலகை வைப்பார்கள். கல்வெட்டுக்கு அவை எவையும் இல்லை. வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி செல்லும் பயணி எத்தனை கல்வெட்டுகளைக் கடந்தோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் வடக்கே ஆந்திர எல்லைக் காடுகளிலும் பிறக்கும் ஓடைகள் பல, பாலாற்றைச் சேருமுன் ஒரு சாலையின் அடியிலோ இருப்புப்பாதையின் அடியிலோ நுழைந்தே வரவேண்டியிருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஆகவே ஓடைகளைக் குறுகிய வாய்களில் நுழைத்து அனுப்பும் பழக்கம் நம் மாவட்டங்களில் ஒன்றேமுக்கால் நூற்றாண்டை நெருங்குகிறது.

அந்த வாயைக் கடந்து நீர் போய்விடுகிறது. மீன் போகிறதா? நீர் போன பிறகு ஓடையின் படுகை என்ன ஆகிறது? இவ்விரு கேள்விகளும் வேறு வேறானவை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இரண்டும் ஒன்றே என்பதை உணர்த்தியது நான் சிறுவயதில் நீந்திக் களித்த ஒரு மடு.

மடு சொன்ன செய்தி

ஆம்பூருக்கு அருகில் எங்கள் ஊர்ப்புறத்து ஓடை ஒன்றில் இரண்டு சிமெண்டுக் குழாய்கள் வைத்துக் கட்டிய கல்வெட்டு இருந்தது. அதன் கீழ்ப்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மடு. ஐப்பசி மழையில் ஓடை பெருகினால் சிறுவர்கள் அனைவரும் அங்கேதான். குழாயிலிருந்து நீர் அருவிபோல் விழும். விழும் இடத்தில் கெண்டையும் கெளுத்தியும் துள்ளித் துள்ளி எழும். எழுந்தவை குழாயின் விளிம்பில் மோதி மீண்டும் மடுவில் விழும். பெரியவர்கள் பறி வைத்துப் பிடிப்பார்கள். நாங்கள் துண்டை விரித்தே பிடிப்போம். அந்தக் கல்வெட்டைக் கட்டியவர் மீன் பிடிப்பதற்கென்றே கட்டினார் என்று நாங்கள் உறுதியாக நம்பியிருந்தோம்.

தோல் மண்டியில் கணக்கெழுதி வந்த என் பாட்டனார் மட்டும் அந்த மடுவைக் கண்டு மகிழ்ந்ததில்லை. "தம்பி, தண்ணி பள்ளம் தோண்டுது. இந்தக் கல்வெட்டு நிக்காது" என்பார். அவர் பொறியியல் கற்றவரல்லர். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியில் ஏராளமானோரை வாரிக்கொண்டு போன கதையைத் தம் முன்னோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர், நீரை நம்பாதவர். அவர் சொன்னது பலிக்க நெடுங்காலம் ஆயிற்று. 2021 நவம்பர் வெள்ளத்தில் அந்தக் கல்வெட்டு சாய்ந்தது. மேலே அழுத்திய பளு காரணமன்று. அடியில் மண் இல்லாமற் போனதுதான் காரணம்.

மடு என்பது அங்கு இயற்கையாக இருந்த ஒன்றன்று, கல்வெட்டு உண்டாக்கியது. மீன்கள் அங்கே குவிந்தது செழிப்பாலன்று. மேலே போக வழியின்றித் தேங்கியதால். நாங்கள் வளம் என்று கண்டது ஒரு நோயின் அடையாளம்.

நீரின் கணக்கு

கணிதம் கண்டு அஞ்சும் நம் துறை மாணவர்களும் எளிதில் பின்தொடரக்கூடிய கணக்கே இது. 18 அடி அகலத்தில் பரவி வரும் ஓடையை 6 அடி அகல வாயில் நுழைக்கிறோம் என்று கொள்வோம். வரும் நீரின் அளவு குறையப் போவதில்லை. எனவே அதே ஆழத்தில் ஓடவேண்டுமானால் நீர் மும்மடங்கு விரைய வேண்டும். நடைமுறையில் நீர் மேற்புறத்தில் சற்றுத் தேங்கி உயர்வதால் கணக்கு இம்மியும் பிசகாமல் வராது. ஆயினும் போக்கு அதுதான். வேகம் மும்மடங்கானால் படுகையை உராயும் விசை ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை வேகத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினர். அதாவது வேகம் இரட்டித்தால், கணக்களவில், 64 மடங்கு எடையுள்ள கல்லும் உருளும். மணலையே உருட்டி வந்த ஓடை, குழாயை விட்டு வெளியேறும்போது கூழாங்கல்லையும் தூக்கி எறிவது இதனால்தான்.

குழாயின் உள்ளே நீர் எதையும் தோண்ட முடியாது, அது சிமெண்டு. வெளியே வந்ததும் அடக்கி வைத்த ஆற்றலையெல்லாம் மண்ணின் மேல் காட்டுகிறது. பள்ளம் விழுகிறது. பள்ளம் விழ விழ நீர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறது. உயரம் கூடக்கூடப் பள்ளம் ஆழமாகிறது. சில ஆண்டுகளில் கல்வெட்டின் வாய் படுகையை விட்டு ஒரு முழம் மேலே தொங்குகிறது. பின்னர் பள்ளம் பின்னோக்கி நகர்ந்து அடித்தளத்தின் கீழேயே நுழைகிறது. சாலையில் செல்பவனுக்கு இவற்றுள் ஒன்றும் தெரிவதில்லை. மேலே தார் வழவழவென்று இருக்கும்.

கீழ்ப்புறத்து ஆறு தாழ்ந்து போவது மற்றொரு காரணம். பேராற்றின் மணலை அள்ளி அதன் படுகையைத் தாழ்த்தினால், அதில் வந்து விழும் ஓடைகளும் தம் படுகையை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திக்கொள்ள முயலும். அந்தத் தாழ்வு முகத்துவாரத்தில் தொடங்கி, படிப்படியாக மேல்நோக்கி ஏறிவரும். வழியில் ஒரு கல்வெட்டு இருந்தால் அங்கே தடைப்பட்டு நிற்கும். கல்வெட்டு தொங்கத் தொடங்கும். கட்டியவர் ஒழுங்காகவே கட்டியிருந்தாலும் இவ்விளைவு நேரும். பாலாற்று மணல் எங்கெங்கோ வீடுகளாக எழுந்து நிற்கிறது. அதன் கணக்கைத் தீர்ப்பவை பெயர் தெரியாத ஓடைகள்.

மீனின் கணக்கு

சங்கப் பாடல்களில் அயிரை, ஆரல், கெண்டை, வாளை, வரால் என்று மீன்களைப் பெயர் சொல்லிப் பாடிய புலவர்களின் வழிவந்தவர்கள் நாம். ஆனால் கெண்டை எவ்வளவு விரைவாக நீந்தும் என்று எவரேனும் கேட்டால் விழிப்போம். நானும் விழித்தவன்தான்; விலங்கியல் துறை நண்பர் ஒருவர் விளக்கினார்.

மீன் நெடுநேரம் நீந்தும் வேகம் வேறு; உயிரைக் கொடுத்துப் பாயும் வேகம் வேறு. பாயும்போது ஒரு நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் செல்லும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அப்பாய்ச்சல் இருபது நொடிக்குள் ஓய்ந்துவிடும். நான்கு விரற்கடை அகல உள்ளங்கையில் அடங்கும் 10 சென்டிமீட்டர் கெண்டையை எடுத்துக்கொள்வோம். அதன் பாய்ச்சல் நொடிக்கு 1 மீட்டர். சாலையின் அகலம், அதாவது கல்வெட்டின் நீளம், 10 மீட்டர். உள்ளே நீரின் எதிர்வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்றால், மீன் நொடிக்கு அரை மீட்டரே முன்னேறும். கடக்க 20 நொடி வேண்டும். கரை சேரும் நேரத்தில் மூச்சு முட்டிவிடும். நீரின் வேகம் 1 மீட்டராகிவிட்டால் மீன் நீந்திக்கொண்டே நின்ற இடத்தில் நிற்கும். இயற்கை ஓடையில் இதே வேகம் இருந்தாலும் ஒவ்வொரு கல்லின் பின்னாலும் சற்று நின்று இளைப்பாற ஓர் அமைதியான இடம் கிடைக்கும். வழவழப்பான சிமெண்டுக் குழாயில் அப்படி ஓர் இடமும் இல்லை. போதாக்குறைக்கு வாயும் தொங்கினால், அயிரைக்கும் உளுவைக்கும் அது மதில்சுவர். அவை படுகையை ஒட்டி வாழ்பவை. துள்ளும் வழக்கம் அவற்றுக்கு இல்லை.

பனையேறி என்னும் மீன் விதிவிலக்கு. தரங்கம்பாடியில் பனைமரத்தில் அது ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அலுவலர் 1797இல் இலண்டன் லின்னேயன் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். ஈரத்தரையில் அது ஊர்ந்து செல்வது உண்மை. பனையில் ஏறுவது குறித்து அறிஞரிடையே ஐயம் உண்டு. எப்படியாயினும் எல்லா மீனும் பனையேறியன்று.

நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்று இங்கே இருக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆற்றில் இன்று ஏற முடியாத மீன் அடுத்த வாரம் ஏறும். நம் ஓடைகள் பத்து மாதம் மணலாகக் கிடப்பவை. புதுவெள்ளம் வந்து, வடியும் அந்தச் சில வாரங்களில்தான் மீன் கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்கும், ஆற்றிலிருந்து ஓடைக்கும் ஏறி, ஆழம் குறைந்த புல்தரை நீரில் முட்டையிட வேண்டும். அந்த வாரங்களில் ஒரு கல்வெட்டு மறித்துவிட்டால் அந்த ஆண்டே போய்விட்டது. மேற்புறத்து ஏரியில் மீன் இல்லை என்றால் மீன்குஞ்சு வாங்கி விடுகிறோம்; ஏன் இல்லாமற் போயிற்று என்று கேட்பதில்லை.

பழைய கேள்விதான்

இக்கேள்வியை நம் நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். 1836இல் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டிய ஆர்தர் காட்டனே, ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் மீன்வளம் கெடக்கூடும் என்பதை 1867இல் அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். அணை கட்டியவரே அதன் குறையையும் சொன்னார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அதன் பின்னர் சென்னை இராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே நாடெங்கும் சுற்றி ஆய்ந்து 1873இல் அறிக்கை அளித்தார். கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் முட்டையிட ஏறிவரும் உல்லம் மீன், அதாவது வங்காளியர் உயிராக மதிக்கும் இலிசா, அணைகளில் தடைப்படுவது அந்த ஆய்வின் முக்கியச் செய்திகளுள் ஒன்று. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின் காவிரியில் உல்லம் அருகிப் போயிற்று. இன்று உல்லம் என்ற பெயரே நம் மாணவர்களுக்குப் புதிது.

அரிப்பின் பாடத்தையும் காட்டன் அதே இடத்தில்தான் கற்றார். மேலணை கட்டிய சில ஆண்டுகளில் காவிரிக் கிளையின் தலைப்பில் படுகை தாழத் தொடங்கிற்று. அதைத் தடுக்க 1845ஆம் ஆண்டளவில் காவிரியின் குறுக்கே படுகை மட்டத்தில் ஒரு சுவர் கட்ட நேர்ந்தது. நீரைத் தேக்குவதற்கன்று, படுகை இறங்காமல் பிடித்து நிறுத்துவதற்காக எழுந்த சுவர் அது. அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்டு 22 இரவு, வெள்ளத்தின் நடுவே, ஒன்பது மதகுகள் சரிந்ததை நாம் தொலைக்காட்சியில் கண்டோம்.

கணித மாணவர்களுக்காக ஒரு செய்தி. ஆற்றின் அரிப்பிலிருந்து பாலங்களைக் காக்கும் வழிகளைத் தொகுத்து 1903இல் நூல் எழுதியவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கரையோரம் கற்களைத் தளர்வாகப் பரப்பி வைத்தால், நீர் அடியில் அரிக்க அரிக்க அக்கற்கள் தாமே சரிந்து பள்ளத்தின் சரிவை மூடிக்கொள்ளும் என்னும் அரிய முறையை அந்நூல் விளக்குகிறது. இந்திய ஆறுகளில் பயின்று தேர்ந்த முறை அது. இந்த ஸ்பிரிங்தான் பின்னர்ச் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராகி, 1912இல் அங்கு எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜனுக்குத் துணை நின்றவர். மணலில் கல் எப்படிச் சரியும் என்று அறிந்தவருக்கு மனிதரையும் எடைபோடத் தெரிந்திருந்தது.

விதி என்ன சொல்கிறது

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. ஆழமற்ற அடித்தளத்தில் கட்டும் சிறுபாலங்களின் தளத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிகள் தெளிவானவை. உள்தளத்தின் மேற்பரப்பு, ஓடைப் படுகையின் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் 300 மில்லிமீட்டர் கீழே இருக்கவேண்டும். தளத்தின் இரு முனைகளிலும் மண்ணுக்குள் இறங்கும் மறிப்புச் சுவர் வேண்டும். மேற்புறத்தில் 2 மீட்டர், கீழ்ப்புறத்தில் 2.5 மீட்டர் ஆழம். அதற்கும் அப்பால் மேற்புறம் 3 மீட்டரும் கீழ்ப்புறம் 6 மீட்டரும் தளர்கல் பரப்பு, 1 மீட்டர் கனத்தில் அமைய வேண்டும். ஸ்பிரிங் விளக்கிய அதே சரியும் கல்தான்.

முதல் விதியைச் சற்று நின்று நோக்குங்கள். தளம் படுகைக்கு ஓர் அடி கீழே. அப்படியானால் கட்டி முடித்த முதல் வெள்ளத்திலேயே ஓடை தன் மணலையும் கல்லையும் கொண்டுவந்து தளத்தின் மேல் பரப்பிவிடும். மீன் சிமெண்டின் மேல் நீந்தாது. தன் ஓடையின் மேல் நீந்தும். அரிப்பைத் தடுக்க எழுதிய விதி மீனுக்கும் வாயில் திறந்துவிடுகிறது. எழுதியவர்கள் மீனை நினைத்தார்களோ இல்லையோ, விதி நினைத்திருக்கிறது.

இடர் களத்தில்தான் உள்ளது. ஓர் அடி கூடுதலாகத் தோண்டினால் ஊற்று நீர் வரும், இறைக்க வேண்டும், நாள் கூடும், செலவு கூடும். எனவே தளம் படுகை மட்டத்திலேயே அமைந்துவிடும். மறிப்புச் சுவரோ மண்ணுக்குள் இருப்பது. மூடிய பின் அளப்பவர் யார்? தளர்கல் பரப்பு பல இடங்களில் பட்டியலில் இருக்கும், ஓடையில் இராது. பணி ஓய்வு பெற்ற பொறியாளரான உறவினர் ஒருவர் சொன்னார்: "கல்வெட்டுல கண்ணுக்குத் தெரியறதுக்குத்தான் பில்லு சீக்கிரம் பாஸாகும்."

ஓடையை உள்ளே விடுதல்

மீனை முன்னிட்டுக் கல்வெட்டைத் திட்டமிடும் முறை அமெரிக்காவில் கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்தது. அதன் கருத்து எளியது: நீரை உள்ளே விடாதே, ஓடையையே உள்ளே விடு. கரைதளும்ப ஓடும்போது ஓடைக்கு என்ன அகலமோ அதைவிடச் சற்று மிகுதியான அகலத்தில், வாஷிங்டன் மாநில முறைப்படி அதன் 1.2 மடங்கும் மேலும் இரண்டடியும், வாய் வைக்க வேண்டும். பெட்டியையோ குழாயையோ அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது புதைக்க வேண்டும். உள்ளே ஓடையில் உள்ளவாறே கல், மணல் நிரப்பி, ஓடையின் இயற்கைச் சரிவையே கொடுக்க வேண்டும். வாய் குறுகாததால் வேகம் கூடாது. வேகம் கூடாததால் பள்ளம் விழாது.

கல் நிரப்புவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே அளவான கருங்கல் ஜல்லியைக் கொட்டினால் நீர் கற்களின் இடுக்கில் இறங்கி அடியிலேயே ஓடிவிடும். மேலே உலர்ந்த கல்லும் கீழே ஓடும் நீருமாக, மீனுக்கு வழி இராது. பெரிய கல், சிறிய கல், சரளை, மணல், களி கலந்த மண் என எல்லாம் சேர வேண்டும். நுண்மண் இடுக்கை அடைக்கும், பெருங்கல் இடம்பெயராமல் நிற்கும், நடுத்தரக் கற்கள் இரண்டுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளும். கரையோரம் சற்று உயர்த்தி, நடுவில் சிறு பள்ளமாக விட்டால், வெள்ளம் வடிந்த பிறகும் குறைந்த நீர் ஓரிடத்தில் கூடி ஓடும். மீனுக்கு முதுகு நனையும் ஆழமாவது கிடைக்கும்.

இதற்கு ஆகும் கூடுதல் செலவு வீணா என்பதற்கு வெள்ளமே விடை சொன்னது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெர்மாண்ட் மாநிலத்தைத் தாக்கியபோது எண்ணற்ற கல்வெட்டுகள் அடித்துச் செல்லப்பட்டன. அங்குள்ள கிரீன் மவுண்டன் தேசியக் காட்டில் ஓடையை ஒத்த முறையில் மாற்றிக் கட்டியவை பெரிய சேதமின்றி நின்றன. மீனுக்காகக் கட்டியது சாலையைக் காத்தது.

வழக்குமன்றமும் இதில் வந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலப் பழங்குடியினர் 1854, 1855ஆம் ஆண்டுகளில் தம் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டனர். மாநிலச் சாலைகளின் கல்வெட்டுகள் சால்மன் மீன் ஏறும் வழியை அடைத்ததால் அந்த உரிமை பொருளற்றதாகிறது என்று 2001இல் வழக்காடினர். கல்வெட்டுகளை மாற்றிக் கட்டுமாறு 2013இல் தீர்ப்பாயிற்று. 2018 ஜூனில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நிலைத்தது.

நம்மைப் பார்த்துக் கேட்பது

இதைப் படிக்கும் பெரியவர்கள் சிலர் புன்னகைப்பார்கள். "பாலாற்றில் தண்ணீரே இல்லை, இருந்த தண்ணீரையும் நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று ஊரே அறியும். இதில் மீனுக்கு வழியா?" என்பார்கள். தட்டிக்கழிக்க முடியாத கேள்வி.

ஆவாரம்பட்டையால் பதனிட்ட காலத்திலும் சுண்ணாம்பும் உப்பும் ஆற்றில் கலந்தே வந்தன. குரோம் முறை பரவிய பின் நிலைமை முற்றியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. இன்று சட்டக் கல்லூரிகளில் நம் மாவட்டத்தின் பெயர் அந்த வழக்கால்தான் உச்சரிக்கப்படுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன; ஆனாலும் 2025 ஜனவரி 30இல் மீண்டும் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது. தோல் தொழில் நமக்குச் சோறிட்டது. பள்ளியும் கல்லூரியும் கொடுத்தது. அந்தக் கொடையில் பயின்றவன் நான். ஆகவே ஆற்றின் கணக்கை வேறு எவருடையதோ போல எழுத எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஓடைகளின் கதை ஆற்றின் கதையன்று. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் மேற்புறத்தில், மலையடிவாரத்தில் பிறக்கும் ஓடைகளில் மழைக்காலத்தில் இன்றும் தெளிந்த நீர் ஓடுகிறது; அங்குள்ள ஏரிகளில் மீன் இருக்கிறது. ஆற்றைத் தூய்மையாக்குவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். அது தூய்மையாகும் நாளில் மீன் எங்கிருந்து வரும்? இந்த ஓடைகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும்தான் வரவேண்டும். இடையில் ஒவ்வொரு கல்வெட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் இறங்கியது மீண்டும் ஏறாது.

மீனைப் பற்றிக் கவலைப்படாதவரும் சாலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். 2021 நவம்பரில், 1903க்குப் பிறகு இப்படிக் கண்டதில்லை என்று முதியோர் பேசிக்கொண்ட வெள்ளம் வந்தது. மாதனூருக்கும் உள்ளிக்கும் இடையே பாலாற்றின் மீதிருந்த தரைப்பாலம் உடைந்து, குடியாத்தம் செல்வோர் சுற்றிப் போக நேர்ந்தது. அடுத்த மாதம் திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் இடையே பொன்னையாற்று ரயில் பாலத்தில் தூண் ஒன்றின் அருகே அரிப்புக் காணப்பட்டுச் சென்னைக்குச் செல்லும் ரயில்கள் பல நிறுத்தப்பட்டன. வேலைக்கும் மருத்துவத்துக்கும் தேர்வுக்கும் புறப்பட்டவர்கள் நிலையங்களில் நின்றனர். அவ்வளவு பெரிய பாலத்தையே படுகை கைவிடும் என்றால் கல்வெட்டு எம்மாத்திரம்?

பழையதைச் சீர்ப்படுத்துதல்

எல்லாக் கல்வெட்டையும் இடித்துக் கட்ட யாராலும் இயலாது. தொங்கும் வாய்க்கு ஓர் எளிய மருத்துவம் உண்டு. மடுவின் கீழ்ப்புறத்தில் ஓடையின் குறுக்கே கற்களை அடுக்கித் தாழ்ந்த வரம்பு ஒன்று அமைத்தால் நீர் மட்டம் சற்று உயரும். சில அடி இடைவெளியில் இன்னொன்று, அதற்குக் கீழே மற்றொன்று எனப் படிபடியாக இறக்கினால், ஒரு முழ வீழ்ச்சி அரையடிக்கும் குறைந்த சிறு படிகளாகப் பிரிந்துவிடும். விழும் நீரின் ஆற்றல் படிதோறும் உடைகிறது. மீன் படிதோறும் இளைப்பாறி ஏறுகிறது. ஏரிக் கலங்கலின் புறத்தே நம் முன்னோர் கற்படிகள் அமைத்ததும் நீரின் ஆற்றலை இவ்வாறு உடைப்பதற்குத்தான். மடுவை அடியோடு தூர்த்துவிடவும் கூடாது. ஓரளவு ஆழமான நீர், விழும் வேகத்தைத் தாங்கும் மெத்தை. வரம்பின் நடுவில் சிறு தாழ்வு விடவேண்டும். கரையோரக் கற்களை மண்ணுக்குள் நன்கு புதைக்க வேண்டும். இல்லையேல் நீர் வரம்பைச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும்.

எங்கள் ஊர் ஓடையில் இப்போது பழைய குழாய்கள் இல்லை. பெட்டி வடிவில், முன்னிலும் அகலமாக, புதிய கல்வெட்டு எழுந்துள்ளது. சென்ற ஆண்டு மழை ஓய்ந்த வாரத்தில் மாணவர் நால்வரோடு அங்குச் சென்றேன். பாட்டனார் இருந்திருந்தால் அதன் அகலத்தைப் பார்த்துத் தலையசைத்திருப்பார். தளத்தின் விளிம்பில் ஒரு மாணவர் அளவுகோலை வைத்தார். தளத்துக்கும் கீழ்ப்படுகைக்கும் இடையே 11 சென்டிமீட்டர் இடைவெளி. தளர்கல் பரப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாறு கற்களே கிடந்தன. அவற்றின் அருகே ஒரு புதிய பள்ளம், ஒரு குடம் நீர் கொள்ளும் அளவு. அதில் அயிரைக் குஞ்சுகள் சில, சிமெண்டு விளிம்பை நோக்கித் தலை வைத்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தன. அளவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பமும் எழுதினோம். இன்னும் இருபது வண்டிக் கல் போதும் என்று அதில் கேட்டிருக்கிறோம்.